பாலை நிறுத்திவிட்டுத்தான் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டுமா?

கேள்வி: நான் ஒரு பொதுத்துறை வங்கியில் உதவி மேலாளர். வீடு திருப்பூரில் இருக்கிறது. கிளை, பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள சிற்றூரில். மகளுக்கு இப்போது நான்கரை மாதம். இதுவரை தாய்ப்பால் மட்டுமே. பிரசவத்துக்கு முன்பே நான்கு வாரம் விடுப்பு எடுத்துவிட்டதால், இன்னும் மூன்று வாரத்தில் பணிக்குத் திரும்ப வேண்டும். காலை எட்டரைக்குக் கிளம்பினால் வீடு வந்து சேர இரவு ஏழாகிவிடும். இந்த ஆண்டு அடுத்த நிலைக்குப் பதவி உயர்வு கேட்டு விண்ணப்பிக்கும் தகுதி எனக்கு வந்திருக்கிறது. அதை ஒட்டிச் சென்னையில் ஒன்பது நாள் தங்கிப் படிக்கும் பயிற்சி. அப்போது குழந்தைக்கு எட்டு மாதம் ஆகியிருக்கும். வங்கி ஊழியர்களுக்கான சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்விலும் இரண்டு தாள்கள் பாக்கி. “இப்போதே பாலை மறக்கடித்துப் புட்டிக்குப் பழக்கிவிடு, இல்லாவிட்டால் நீ போனதும் குழந்தை ஏங்கிப்போகும்” என்கிறார் அத்தை. “பதவி உயர்வு அடுத்த வருடமும் வரும், இப்போது என்ன அவசரம்?” என்கிறார் மேலாளர். என் கணவருக்கு இருவர் சொல்வதும் சரியாகவே படுகிறது. கிளையில் தனி அறை இல்லை, ஃப்ரிட்ஜும் இல்லை. பால் வற்றிவிடுமோ என்ற பயத்தில், குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. எதை விடுவது, டாக்டர்?

— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எதையும் விட வேண்டாம். விண்ணப்பத்தை அனுப்புங்கள், பாலையும் தொடருங்கள். ஒரு குழந்தை நல மருத்துவராக இதை உங்களுக்கு ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் உள்ள தேதிகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அந்தக் கடிதத்தில் மூன்று பேர் வருகிறார்கள். நீங்கள் எதை விட வேண்டும் என்பதைப் பற்றி மூவருக்கும் கருத்து இருக்கிறது. தங்கள் பங்குக்கு எதை மாற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆகவே இந்தப் பதிலில் பாதி பாலைப் பற்றியது, மீதி அந்த மூவரைப் பற்றியது.

முதலில் கணக்கு. நீங்கள் பணியில் சேரும்போது குழந்தைக்கு ஏறக்குறைய 22 வாரம். இணை உணவு தொடங்குவது ஆறு மாதம் நிறைந்ததும், அதாவது 26 வாரத்தில். நீங்கள் வீட்டில் இல்லாத பகல் முழுவதையும் குழந்தை உங்கள் பாலை மட்டுமே நம்பிக் கழிக்கப்போவது இடையில் இருக்கும் நான்கு வாரம்தான். அதன்பின் ராகிக் கூழும், பருப்பும் நெய்யும் விட்டுக் குழைத்த சோறும் பகல் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுக்கொள்ளும். உங்களுடைய பயம் இரண்டு வருடத்துக்கானது. கடினமான பகுதி ஒரு மாதத்துக்கானது. சேர்ந்திருக்கும் ஈட்டிய விடுப்பில் இரண்டு வாரத்தை இதோடு இணைத்துக் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் அந்த ஒரு மாதமும் பாதியாகிவிடும். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாத விடுப்பு இருக்கிறது. அதே தெருவில் இருக்கும் வங்கி ஊழியருக்கு 26 வாரம்தான். இதன் நியாயத்தைப் பேச இங்கே இடமில்லை. ஆனால் பக்கத்து வீட்டு ஆசிரியையோடு உங்களை ஒப்பிட்டு அத்தை ஏதாவது சொன்னால், இந்த வேறுபாட்டை அவருக்குச் சொல்லுங்கள்.

எவ்வளவு பால் தேவைப்படும்? தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு ஒன்று முதல் ஆறு மாதம் வரை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 மி.லி. போதும். மாதம் ஏற ஏற இந்த அளவு பெரிதாக ஏறுவதில்லை. பவுடர் பால் டின்னில் அச்சிட்டிருக்கும் அட்டவணையைப் பார்த்துத் தாய்மார்கள் மிரள்வது இதனால்தான். அந்த அட்டவணை உங்கள் பாலுக்கானது அன்று. நீங்கள் வெளியே இருக்கும் பத்தரை மணி நேரத்துக்கு 300 முதல் 350 மி.லி. வைத்தால் போதும். நாலு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 80, 90 மி.லி.தான் வரும். ஃப்ரீசர் நிறையப் பாலைச் சேர்த்து வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டும் என்று இணையத்தில் படங்கள் போட்டுப் பயமுறுத்துகிறார்கள். உங்களுக்கு முதல் நாளுக்கான பாலும், கூடுதலாக ஒரு நாளுக்கான பாலும் இருந்தால் போதும். அதற்குப் பிறகு நேற்று எடுத்தது இன்றைக்கு, சனிக்கிழமை எடுத்தது திங்களுக்கு.

இனி வற்றிவிடுமோ என்ற கேள்வி. இறைக்கிற கிணறு ஊறும் என்பது பாலுக்கு அப்படியே பொருந்தும். மார்பில் பால் தேங்கினால், போதும் என்ற செய்தி உடம்புக்குப் போய்ச் சுரப்பு குறைகிறது. வெளியேறினால் மறுபடி ஊறுகிறது. பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, பால்சுறாப் புட்டு எல்லாம் சாப்பிடுங்கள், ருசியாக இருக்கும், சத்தும் உண்டு. ஆனால் பகல் முழுவதும் பால் எடுக்காமல் இருந்துவிட்டு இரவில் சுறாப் புட்டு சாப்பிட்டுப் பயனில்லை. கவலை சுரப்பை வற்றடித்துவிடும் என்பதும் பாதிதான் உண்மை. பதற்றத்தில் பால் இறங்குவது சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான். குழந்தையின் வீடியோவை ஓடவிட்டு, தோளைத் தளர்த்தி உட்கார்ந்தால் இரண்டொரு நிமிடத்தில் இறங்கிவிடும்.

உங்கள் கிளையின் நாளை நான் இப்படிப் பிரித்துப் பார்க்கிறேன். எட்டேகாலுக்குக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறீர்கள். பத்திலிருந்து பன்னிரண்டு வரை கவுன்ட்டரில் கூட்டம் நெரியும். அப்போது எழுந்திருக்க முடியாது. பன்னிரண்டு வாக்கில் ஒருமுறை, மதிய உணவின்போது இரண்டரை வாக்கில் ஒருமுறை, ரொக்கம் முடித்த பிறகு ஐந்து மணி வாக்கில் ஒருமுறை என மூன்று தடவை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம். பெட்டகச் சாவி வைத்திருக்கும் இருவரில் நீங்களும் ஒருவர் என்றால், காலையில் திறக்கவும் மாலையில் மூடவும் உங்களுக்காகக் காத்திருப்பார்கள். அந்த நேரம் உங்கள் கையில் இருக்காது. நான்கைந்து மாதத்துக்குச் சாவிப் பொறுப்பை வேறொருவருக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். மகப்பேறு முடிந்து திரும்பும் அதிகாரி கேட்கத் தகுந்த, கிளைக்குச் செலவே வைக்காத உதவி இது. ஆனால் கேட்பவர்கள் குறைவு.

இடத்தைப் பற்றி. கழிப்பறையில் எடுக்க வேண்டாம். உங்கள் மகளின் சாப்பாடு அங்கே தயாராக வேண்டியதில்லை. பெரும்பாலான கிளைகளில் பழைய பேரேடுகள் அடுக்கிய ஓர் அறை இருக்கும். அங்கே ஒரு நாற்காலி, உள்தாழ்ப்பாள், மின்விசிறி போதும். ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள்: கேமரா. வங்கிக் கிளையில் எந்த மூலையில் கேமரா இருக்கிறது என்பது அங்கே வேலை செய்பவர்களுக்கே மறந்துபோயிருக்கும். அந்த அறையில் கேமரா இல்லை என்பதை மேலாளரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இருந்தால் வேறு அறை. துணியைப் போட்டு மறைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மேலாளரிடம் இதையெல்லாம் எப்படிக் கேட்பது என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கும். சலுகை கேட்பதாக நினைக்காதீர்கள். 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு இடைவேளைக்கு மேலாக, நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளைத் தந்தது. 2025 நவம்பர் முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே உரிமை இடம்பெற்றிருக்கிறது. குழந்தைகள் காப்பகம் அமைக்கத்தான் ஐம்பது ஊழியர் என்ற வரம்பு. உங்கள் கிளை சிறியது என்பதால் பாலூட்டும் இடைவேளை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சேருவதற்கு ஒரு வாரம் முன்பே சுருக்கமாக மின்னஞ்சல் அனுப்புங்கள்: சேரும் தேதி, பாலெடுக்கத் தேவைப்படும் நேரங்கள், பேரேட்டு அறை, சாவிப் பொறுப்பு. நாலே வரி. காரணங்களை விளக்க வேண்டாம், மன்னிப்பு வேண்டவே வேண்டாம். நேரில் பேசக் கூச்சப்படும் மேலாளருக்கும் எழுத்தில் வந்தால் நிம்மதி.

கருவி வாங்குவதா, கையால் எடுப்பதா? இரண்டு மார்பிலும் ஒரே நேரத்தில் எடுக்கும் மின்கருவி வேகமானது. வசதி இருந்தால் வாங்குங்கள். மார்பில் பொருத்தும் கூம்பின் அளவு சரியில்லை என்றால் வலிக்கும், பாலும் குறையும். அளவு மாற்றித் தரும் கடையாகப் பார்த்து வாங்குங்கள். கருவி இருந்தாலும் கையால் எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள், மின்வெட்டுக்கு அது உதவும். கையைச் சோப்பால் கழுவிவிட்டு, கருவட்டத்தின் விளிம்புக்குச் சற்று வெளியே மேலே கட்டைவிரல், கீழே இரண்டு விரல். முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே அழுத்துங்கள், பிறகு விரல்களை ஒன்றை நோக்கி ஒன்று சேர்த்து அமுக்குங்கள், விடுங்கள். தோலின்மேல் விரலை இழுக்கக் கூடாது, காம்பைப் பிதுக்கக் கூடாது. முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் வராது. பலர் அங்கேயே எனக்குப் பால் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இன்றிலிருந்தே தினம் ஒருமுறை, காலையில் குழந்தை குடித்த பிறகு எடுத்துப் பழகுங்கள். நாற்பது மி.லி. வந்தால் நல்ல தொடக்கம்.

எடுத்த பாலை மூடியுள்ள எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, தேதி எழுதி, ஐஸ் பாக்கெட் வைத்த குளிர்பெட்டியில் உடனே வையுங்கள். வெளியே நான்கு மணி நேரம் தாங்கும் என்று எல்லா நூல்களிலும் இருக்கும். அது 25 டிகிரி வரையான அறைக்குச் சொன்னது. நம் ஊர்ச் சித்திரைக்குப் பொருந்தாது. ஐஸ் உருகாமல் இருக்கும் குளிர்பெட்டியில் ஒரு நாள் வரை இருக்கலாம். உங்களுக்கு ஏழு மணிவரை தாங்கினால் போதும். வீட்டில் ஃப்ரிட்ஜின் கதவில் வைக்காமல் உள்பக்கமாக வைத்தால் நான்கு நாள். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்பெட்டியில் உறையவைத்ததை இரண்டு வாரத்துக்குள் செலவழியுங்கள். அடுப்பில் நேரடியாகச் சுடவைக்க வேண்டாம், மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். வெந்நீர்க் கிண்ணத்துக்குள் பாத்திரத்தை வைத்தால் போதும். மேலே ஆடைபோல் கொழுப்பு பிரிந்து நிற்கும். அது கெட்ட பால் இல்லை, லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அதை மறுபடி ஃப்ரிட்ஜுக்குள் வைக்கக் கூடாது.

புட்டிக்குப் பழக்கச் சொல்கிறார் அத்தை. புட்டி தேவையில்லை. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கும், மூக்கு வைத்த சிறு கிண்ணமான பாலாடையே போதும். குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளில் நாங்கள் இன்றும் அதில்தான் கொடுக்கிறோம். கழுவுவதும் எளிது. நீங்கள் கொடுத்தால் குழந்தை வாங்காது, மார்பைத்தான் தேடும். ஆகவே அத்தை கொடுக்கட்டும், அந்த நேரத்தில் நீங்கள் வீட்டிலேயே இருக்க வேண்டாம். குழந்தை அழுது பசியேறும் வரை காத்திருக்காமல், விழித்து விளையாடிக்கொண்டிருக்கும்போது, நிமிர்த்தி மடியில் வைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். முதல் நான்கைந்து நாள் பாதி பால் சட்டையில்தான் போகும்.

அத்தையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். குழந்தையை நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் அவர். அவரை எதிர்த் தரப்பில் நிறுத்தாதீர்கள். நீங்கள் மாலையில் வியர்வையோடு வந்து நிற்கும்போது, சூட்டுப்பாலைக் கொடுக்காதே, முதலில் கொஞ்சம் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டுக் கொடு என்பார். இதை நான் ஊகித்தே எழுதுகிறேன், பெரும்பாலும் சரியாக இருக்கும். வெயிலில் வந்தாலும் பால் உங்கள் உடம்பின் வெப்பத்தில்தான் இருக்கிறது. மார்புக்குள் பால் கெடுவதில்லை. கையைக் கழுவி, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு உடனே கொடுக்கலாம். மார்பு கட்டிக்கொண்டு வலித்தால் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டச் சொல்வார். அதை மட்டும் அன்போடு மறுத்துவிடுங்கள். மல்லிகை சுரப்பைக் குறைக்கிறது என்று 1988-இல் ஒரு மருத்துவ ஆய்வே வெளியாகியிருக்கிறது; பாட்டிமார்கள் பால் நிறுத்தத்தான் அதைக் கட்டினார்கள். தலையில் எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் நீங்கள் விளக்கினால் மருமகளின் வாதமாகிவிடும். அடுத்த முறை குழந்தையை எடை பார்க்க எடுத்துப் போகும்போது அவரையும் அழைத்துப் போய் மருத்துவர் வாயால் கேட்க வையுங்கள்.

நீங்கள் வேலைக்குப் போகத் தொடங்கியதும் குழந்தை பகலில் குறைவாகக் குடித்துவிட்டு இரவில் அடிக்கடி எழுந்து உங்களிடம் குடிக்கலாம். பால் போதவில்லை என்பதன் அடையாளமாக இதை வீட்டில் எல்லோரும் பேசுவார்கள். உங்களைத் தேடிக் குடிக்கிறது, வேறொன்றுமில்லை. ஒரு நாளில் ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். உங்களுக்குக் காய்ச்சலோடு மார்பில் ஒரு பகுதி சிவந்து கெட்டியானால் மருத்துவரிடம் போங்கள், அதுவரை பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள், அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம்.

எவ்வளவு முயன்றும் ஒரு வேளைக்குப் பால் குறைந்தால்? பவுடர் பால் கொடுக்கலாம். அந்த ஒரு வேளையால் நீங்கள் தோற்றுவிடவில்லை. டின்னில் சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றி நீட்டக் கூடாது என்பதை மட்டும் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். ஒரு வயதுவரை பசும்பாலைக் குடிபாலாகக் கொடுக்க வேண்டாம்.

சென்னைப் பயிற்சிக்கு வருவோம். எட்டு மாதக் குழந்தை இரண்டு மூன்று வேளை சாப்பிடும். அதனால் நீங்கள் இல்லாமல் பட்டினி கிடக்கும் என்ற பேச்சுக்கே இடமில்லை. எனக்குப் பிடித்த வழி, குழந்தையும் வருவது. பயிற்சி மையத்தின் விடுதியில் துணைக்கு ஒருவரோடு தங்க அறை கிடைக்குமா என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். மறுத்தால், பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கி, பகலில் வகுப்புக்குப் போய்வர அனுமதி கேளுங்கள். துணைக்கு வருபவர் உங்கள் அம்மாவாகவோ அத்தையாகவோதான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒன்பது நாள் விடுப்பு போட்டு மகளோடு ஓர் அறையில் இருந்தால் உங்கள் கணவருக்கு எது சரி என்பது தெளிவாகிவிடும். இதில் எதுவுமே நடக்கவில்லை என்றால் நீங்கள் மட்டும் போங்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை பாலெடுங்கள். சேமிக்க வழியில்லாவிட்டால் வருத்தப்படாமல் கொட்டிவிடுங்கள். சுரப்பைக் காக்கத்தான் அங்கே எடுக்கிறீர்கள். திரும்பி வந்ததும் குழந்தை முதல் ஓரிரு நாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அரைத்தூக்கத்தில் இருக்கும்போது, வெளிச்சம் குறைந்த அறையில் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலான குழந்தைகள் திரும்பிவிடும்.

பதவி உயர்வு வந்தால் மாற்றலும் வருமே என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் வரிகளுக்கு நடுவே அது இருக்கிறது. விண்ணப்பிப்பது வேறு, ஏற்பது வேறு. ஆணை கைக்கு வந்த பிறகு முடிவெடுக்க உங்களுக்கு நேரம் இருக்கும். பெண் ஊழியர்களை இயன்றவரை கணவரோ பெற்றோரோ இருக்கும் இடத்துக்கு அருகில் பணியமர்த்தும்படி மத்திய நிதி அமைச்சகம் 2014-இல் பொதுத்துறை வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அது கட்டளை இல்லை, வழிகாட்டுதல்தான். எழுத்தில் கேட்பவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அடுத்த வருடமும் வரும் என்று மேலாளர் சொல்வது உண்மையாக இருக்கலாம். அடுத்த வருடம் மகளுக்கு நடக்கத் தெரிந்திருக்கும், அதற்கு அடுத்த வருடம் பள்ளி பார்க்க வேண்டியிருக்கும். அவசரமில்லை என்று சொல்லத் தோதான காரணம் எந்த வருடமும் கிடைக்கும்.

சி.ஏ.ஐ.ஐ.பி. தாள்களுக்காக இரவில் பால் கொடுத்தபடியே படிக்க முயல வேண்டாம். அந்த நேரம் தூக்கத்துக்கானது. இரவுப் பால் சுரப்புக்கும் முக்கியம். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம், வாரநாளில் இரண்டு மாலை ஒரு மணி நேரம், குழந்தையை உங்கள் கணவர் வீட்டைவிட்டு வெளியே தூக்கிப் போகட்டும். குழந்தை அடுத்த அறையில் இருந்தால் உங்கள் காது அங்கேதான் இருக்கும், எந்தப் பாடமும் ஏறாது. இதைச் சமயம் கிடைக்கும்போது செய்யும் உதவியாக விடாதீர்கள். கிழமையும் மணியும் குறித்துச் சமையலறைக் காலண்டரில் எழுதிவிடுங்கள். ஒரு தாளுக்குத் தேர்வு இரண்டு மணி நேரம். முன்கூட்டியே போய்க் காத்திருப்பதையும் சேர்த்தால் மூன்றரை மணி நேரம் ஆகும். மையம் தேர்ந்தெடுக்கும்போது வீட்டுக்கு அருகில் இருப்பதைக் குறியுங்கள், உள்ளே போகும் கடைசி நிமிடத்தில் குழந்தைக்குக் கொடுங்கள், கசிவைத் தாங்கும் பேட் வைத்துக்கொள்ளுங்கள். வரும் வழியில் தேவைப்பட்டால், 2015-இலிருந்து தமிழகப் பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகள் இருக்கின்றன. சில இடங்களில் பூட்டியே கிடக்கும். நேரக் காப்பாளர் அறையில் தயங்காமல் சாவி கேளுங்கள்.

பாலாடையை இந்த வாரமே தொடங்குங்கள். மேலாளருக்கான மின்னஞ்சலையும் பயிற்சி மையத்துக்கான கடிதத்தையும் ஒரே நாளில் அனுப்பிவிடுங்கள். தூக்கமின்மை, நீங்கள் சேர்ந்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, எதிலும் மனம் ஒட்டாமல் அழுகை வந்துகொண்டே இருந்தாலோ, அதைப் பால் கவலை என்று ஒதுக்கிவிடாமல் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு, பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளும் உண்டு.